வீட்டுப் பூச்சு வேலையில் வழங்கும் சில சொற்கள்

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. சுரங்க வாய்களின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்களும், 'லைன்' எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும், பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மணல் மேடுகளும் எஞ்சின. 'சயனைடு மேடு' என்று ஊரார் அழைக்கும் அவற்றிலிருந்து காற்றில் எழும் நுண்தூசி, உலராத எந்த வர்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். எனவே இங்கு முதலில் அறியத்தக்க சொல் 'உலர்தல்' என்பதே.

அச்சொல் வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கிறது. வெள்ளையடித்த சுவரில் நீர் ஆவியாவது தொடக்கம் மட்டுமே. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லின் பொருளாக மாறும்போதுதான் பூச்சு இறுகுகிறது. இம்மாற்றத்திற்குச் சிறிது ஈரம் வேண்டும். ஆகையால் சுவரை நனைத்த பின்னரே மட்டையை எடுத்தல் வேண்டும். வறண்ட சுவர் நீரை உறிஞ்சிவிட்டால், சாய்ந்தவர் முதுகில் வெள்ளை ஒட்டும். எண்ணெய் வர்ணத்தின் இயல்பு வேறு. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. பிராணவாயுவுடன் சேர்ந்து தோல்போலக் கட்டுகிறது. ஆவியாவது டர்பன்டைன் மட்டுமே. வர்ணம் காயவில்லை என்று அதனையே மேலும் ஊற்றுவது வீண் செலவு. எமல்ஷன் வர்ணத்தில் நீர் அகன்றதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன.

'பிரைமர்' என்பது பரப்பைப் பற்றிக்கொள்ளும் முதற்பூச்சு. 'பட்டி' குழிகளை நிரப்புவது. டிஸ்டெம்பர், சீமைச் சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்தது. பழைய வகை நீர் பட்டால் கரையும்.

இரும்புக்குரிய பிரைமராக நெடுங்காலம் வழங்கியது 'ரெட் லெட்' என்னும் ஈயச் செந்தூரம். மரவேலைக்கு 'சபேதா' என்ற ஈய வெள்ளை உதவியது. துருவைத் தடுப்பதில் ஈயச் செந்தூரம் சிறந்ததே. ஆயினும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு வர்ணத்தில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வர்ணமடித்த கதவிலும் சன்னல் கம்பியிலும் ஈயம் இருக்கக்கூடும். நிறத்தைக் கொண்டு அறிய இயலாது.

இத்தகைய பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தலும், நெருப்பால் சுட்டு உரித்தலும் கூடா. நீர் தெளித்து, நீரில் ஊறாத உப்புத்தாளால் தேய்த்து, சுரண்டியதை ஈரத்துணியால் திரட்டி அகற்றுக. பள்ளிக்கூடமாயின் இவ்வேலை விடுமுறை நாளில் நடைபெறட்டும். தரையை ஈரத்துணியால் துடைத்த பின்னரே பிள்ளைகளை உள்ளே விடுக.