பேனலில் எரியும் மஞ்சள் விளக்கு

அன்புள்ள கயலுக்கு,

மில்லில் சேர்ந்த உடனேயே தீ எச்சரிக்கை பேனலை உன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "அது சும்மா பார்த்துக்கிற வேலைதான்" என்று அங்கே யாரோ உன்னிடம் சொன்னார்களாம். அதை நம்பாதே. பஞ்சு புழங்கும் இடத்தில் அந்தப் பெட்டியைவிட முக்கியமான பொறுப்பு உனக்கு இப்போதைக்கு வரப்போவதில்லை.

கழற்றிப் போட்ட புகை டிடெக்டர் ஒன்று ஸ்டோரில் கிடைக்கும், கேட்டு வாங்கு. கதிரியக்கக் குறி போட்ட பழைய அயனி வகையாக இருந்தால் திறக்கவே கூடாது. அதற்குள் அமெரிசியம் இருக்கும். ஆப்டிக்கல் வகை என்றால் பிரித்துப் பார். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் எல்.இ.டி., இன்னொரு பக்கம் ஒளியை உணரும் டயோடு. இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் கோணமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் சாதாரண நேரத்தில் டயோடில் வெளிச்சம் படாது. புகை நுழைந்தால் அதன் துகளில் பட்டு ஒளி சிதறும். அதில் கொஞ்சம் டயோடை எட்டியதும் பேனலுக்குத் தகவல் போய்விடும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் புகை எது, பஞ்சுத்தூசி எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தொல்லை ஆரம்பிப்பது இங்கேதான். தூசி அடைந்த டிடெக்டர் தீயே இல்லாமல் அலறும். நாலு முறை அலறினால் சூப்பர்வைசர் எரிச்சலாவார். யாராவது அந்த டிடெக்டர் இருக்கும் பகுதியை, அதாவது ஸோனை, 'ஐசொலேட்' செய்து பேனலிலிருந்து துண்டித்துவிடுவார்கள். பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், நாளடைவில் அது எல்லோருக்கும் பழகிப்போகும். டிடெக்டரைச் சுத்தம் செய்வதும், தூசி மிகுந்த இடத்துக்குப் பொருத்தமான கருவியைக் கேட்டு வாங்குவதும்தான் சரியான வழி. வெப்பத்தை உணரும் டிடெக்டருக்குத் தூசி பெரிய பொருட்டல்ல. ஆனால் தீ வளர்ந்த பிறகுதான் அது சொல்லும் என்பதையும் மறக்காதே. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம் குழாய்களில் தீப்பொறியைக் கண்டுபிடிக்கும் சென்சார் வேண்டும். பஞ்சோடு வரும் கல்லோ இரும்புத்துண்டோ பீட்டரில் உரசிப் பொறி கிளம்பினால், இருட்டான குழாய்க்குள் அதன் அகச்சிவப்பு ஒளியைப் பார்த்து, அந்தப் பஞ்சை அது கண நேரத்தில் வேறு வழிக்குத் திருப்பிவிடும்.

இன்னொன்று. பழைய வகை பேனலில் ஒவ்வொரு ஸோனின் கடைசி டிடெக்டரிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதன் வழியாக எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் கூடினால் தீ, நின்றால் வயர் அறுந்திருக்கிறது; அப்போதும் மஞ்சள் விளக்குதான் எரியும். மஞ்சள் விளக்கை அணைப்பதற்காக அந்த ரெசிஸ்டரைக் கழற்றி வந்து பேனல் டெர்மினலிலேயே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. பேனல் எல்லாம் நலம் என்று காட்டும். ஆனால் வயர் அறுந்த இடத்துக்கு அப்பால் கூரையில் ஒரு டிடெக்டருக்குக்கூட உயிர் இருக்காது. இதை நான் குற்றம் என்றே சொல்வேன். பேனலைத் திறந்து ஒவ்வொரு ஸோனாகப் பார்.

எச்சரிக்கை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேள். 1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். இடையில் ஒன்பதாவது மாடியில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்ல ஆளும் இல்லை, மணியும் இல்லை. கதவு ஒன்று பூட்டியிருந்தது. அன்று செத்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் உன் வயதுப் பெண்கள். நூறு ஆண்டு கழித்து, 2012 நவம்பர் 24 அன்று, டாக்காவுக்குப் பக்கத்தில் ஆசுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் எரிந்தது. அங்கே மணி இருந்தது, அடிக்கவும் செய்தது. எழுந்தவர்களை "ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த நூலும் துணியும் எரிய, படிக்கட்டுகளெல்லாம் அந்தத் தீயில்தான் போய் இறங்கின. குறைந்தது 112 பேர் செத்தார்கள். டிரையாங்கிளை விட எனக்கு தஸ்ரீன்தான் அதிகம் வலிக்கிறது. கருவி தன் வேலையைச் செய்துவிட்டது. மனிதர்கள்தான் அதை அவமதித்தார்கள். பொய்யாக அலறும் ஒவ்வொரு மணியும் அப்படி ஒரு அவமதிப்புக்கு ஆட்களைப் பழக்குகிறது. அதனால்தான் தூசியைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

ஸ்பின்னிங் ஹால் இரைச்சலில் ஹூட்டர் காதில் விழுகிறதா என்று ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்யாதே. மெஷின்கள் ஓடும்போது ஹாலின் நடுவில் நின்று கேள். சுற்றியுள்ள சத்தத்தைவிட அது குறைந்தது 5 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். காதில் அடைப்பான் போட்டிருப்பவர்களுக்காகப் பளிச்சிடும் விளக்கும் வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, அந்தச் சத்தம் கேட்டால் எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்பதை அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரைப் பிடி. கண்ணாடியை உடைத்து அழுத்தும் பெட்டி எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டு. அதன் முன்னால் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்தால் அன்றைக்கே நகர்த்தச் சொல்.

மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஹூட்டர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று இந்த மாதமே சோதித்துப் பார். மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய். எந்த ஸோனையாவது ஐசொலேட் செய்தே ஆகவேண்டும் என்றால், யார் செய்தது, எதற்காக, எத்தனை மணிக்குத் திரும்பப் போடுவது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு. தரமாட்டேன் என்றால் ஐசொலேட் செய்யாதே.

அன்புடன்,
மாமா