உள்மருத்துவப் பயிற்சியும் தோட்டத்து டிரெசரும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகியவை முதல் மூன்று. நான்காமவர் அருகில் இருந்து மருத்துவத்தைப் பிழையின்றி நடத்திக் கொடுப்பவர். வள்ளுவர் அவரை 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்றால் பக்கம். மருத்துவர் வந்து போவார். உழைச்செல்வான் பக்கத்திலேயே இருப்பார்.

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இந்த நான்காமவரை நம் பெற்றோரும் பாட்டனாரும் 'டிரெசர்' என்று அழைத்தனர். இன்று அரசாங்கம் அவரை உதவி மருத்துவ அதிகாரி என்கிறது. அந்தப் பணிக்கான உள்மருத்துவப் பயிற்சி எத்தகையது, தமிழ் மாணவர்களுக்கு அதில் என்ன பங்கு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

டிரெசர் யார்?

பெரும்பாலான தோட்டங்களில் மருத்துவர் நிரந்தரமாக இருந்ததில்லை. குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, லயங்களைச் சுற்றிப் பார்ப்பது, ஆபத்தான நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் டிரெசரின் பொறுப்பு. ஒருவர் வேலைக்குப் போகலாமா, ஓய்வெடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ததும் அவரே. அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். அவரை நம்பியிருந்தவர்கள் தொழிலாளர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றதால்தான் சில டிரெசர்களைத் தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. சிலரைக் கண்டு அஞ்சியது.

இப்பணியை முறைப்படுத்த 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமும், 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும் வந்தன. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் பதிவும் இல்லாமல் இன்று யாரும் உதவி மருத்துவ அதிகாரி ஆக முடியாது.

அதே 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்பவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு 'மருத்துவர் உதவியாளர்' பயிற்சியைத் தொடங்கினார். ஸ்டெட் உள்மருத்துவத் துறையின் தலைவர். அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுப்பவரை அவர் உருவாக்க நினைக்கவில்லை. நோயாளியிடம் பேசி, உடலைச் சோதித்து, காரணத்தை யோசிக்கக் கூடியவரையே உருவாக்க நினைத்தார். அமெரிக்கா அன்று புதிதாகத் தொடங்கியதை ஒத்த பணி, நம் தோட்டங்களில் அதற்கு வெகு முன்பே நடைமுறையில் இருந்தது.

மண் கற்பித்த இரண்டு பாடங்கள்

உள்மருத்துவம் என்பது கத்தியின்றி, உடலின் உள்ளுறுப்பு நோய்களைக் கண்டறிந்து மருந்தால் குணப்படுத்தும் துறை. அதன் அடிப்படை இரண்டு: கவனித்தல், ஒப்பிடுதல். சிலாங்கூர் மண்ணிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது மலேரியா. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிக் காடழித்தபோது காய்ச்சல் குறைவதைக் கண்டார். கோல சிலாங்கூர் போன்ற கரையோரத் தாழ்நிலங்களுக்கு அது பொருந்தியது. ஏனெனில் அங்கு நோய் பரப்பிய கொசு நிழல் படிந்த சதுப்பு நீரில் வளர்வது. மலையடிவாரத் தோட்டங்களிலோ காட்டை அழித்ததும் காய்ச்சல் கூடியது. அங்கிருந்த கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. ஆகவே, நோயாளி எந்த நிலத்திலிருந்து வருகிறார் என்று கேட்காமல் காய்ச்சலுக்குக் காரணம் சொல்ல முடியாது.

இரண்டாவது பெரிபெரி. அக்காலத்தில் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மடிந்தனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டனர். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டனர். 1905இல் டாக்டர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துச் சோதித்தார். நோய் வெள்ளை அரிசி உண்டவர்களையே தாக்கியது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெளிவானது. 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்வி வெறும் உபசாரம் அன்று. அது ஒரு மருத்துவச் சோதனை.

வார்டில் கற்பது என்ன?

மாணவர் வகுப்பில் உடற்கூறும் மருந்தியலும் படித்தபின் உள்மருத்துவ வார்டுக்கு வருகிறார். அங்கு அவர் முதலில் கற்பது நோயாளியின் கதையைக் கேட்பது. பிறகு நான்கு படிகளில் உடலைச் சோதிப்பது: பார்த்தல், தொட்டுப் பார்த்தல், தட்டிப் பார்த்தல், குழாய் வைத்துக் கேட்டல். அதன்பின் 'இது என்னவாக இருக்கலாம்' என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் உயிரை உடனே பறிக்கக் கூடியதை முதலில் விலக்குவது.

ஒரு சான்றைப் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் நான்கு நாள் காய்ச்சலுடன் வருகிறார் என்று கொள்வோம். டெங்கியாக இருந்தால், காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். 'சூடு விட்டுப் போச்சு' என்று மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா என்று கேட்க வேண்டும். கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண் சிவந்திருந்தால் எலிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ கரிந்தது போன்ற சிறு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது புதர்ப் பூச்சி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். நோயாளி அதை அறிந்திருக்கமாட்டார், வலிக்காது. திரை இழுத்து, மரியாதையோடு துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டால் அதற்கு எளிய மருந்து இருக்கிறது. இக்காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகால் மருந்து பயன்படும் என்பதை 1948இல் நிறுவிய ஆய்வு நடந்த இடமே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம்தான்.

நோய் மாறிவிட்டது

இன்று தோட்டத்து மக்களைக் கொல்வது பெரும்பாலும் கொசு அன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். அதைத் தொடர்ந்து இரத்தக் கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு, கால் இழப்பு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை முதலிய பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்துக்குள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட டிரெசர் இன்று இல்லை. அவருக்குப் பதில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நீண்ட வரிசையும் சில நிமிட உரையாடலும் உள்ளன. அந்தச் சில நிமிடங்களில்தான் மொழி உயிர்ப் பிரச்சினையாகிறது.

மொழியும் ஒரு கருவி

'மயக்கமா இருக்கு' என்று ஒரு பாட்டி சொல்கிறார். அதன் பொருள் என்ன? தலை சுற்றுவதா? கண் இருண்டு விழப் பார்ப்பதா? நினைவு தப்பியதா? வெறும் சோர்வா? தமிழில் இந்த நான்குக்கும் மயக்கம் என்ற ஒரு சொல்லே போதும். மருத்துவத்திலோ இவை நான்கு வெவ்வேறு வழிகள். முதலாவது காதின் உட்பகுதிக் கோளாறாகலாம். இரண்டாவது இரத்த அழுத்தம் இறங்கியதாகலாம். மூன்றாவது இதயத் துடிப்பின் கோளாறாகலாம். பாட்டி தைப்பூச விரதம் இருந்துகொண்டே இனிப்பு நீர் மாத்திரையை விடாமல் விழுங்கியிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருக்கலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் விரதம் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே!

அதுபோலவே 'நெஞ்சு கரிக்குது', 'வாய்வு புடிச்சிருக்கு' என்பன. இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், நெஞ்செரிச்சல் மட்டுமே இருக்கலாம். அவர் 'வாய்வு' என்று சொன்னதை 'காஸ்' என்று மொழிபெயர்த்து ஏட்டில் எழுதிவிட்டால் அவருக்குக் கிடைப்பது வயிற்று மாத்திரை. எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என்று தமிழில் கேட்டு, பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தால் கிடைப்பது உயிர். 'கால் மதமதங்குது' என்பதும் அலட்சியப்படுத்தக் கூடியதன்று. காலணியையும் காலுறையையும் கழற்றி, விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். உணர்விழந்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது.

எல்லை அறிதல்

பயிற்சியின் கடைசிப் பாடம், தன் எல்லையை அறிதல். தஞ்சோங் காராங் மருத்துவமனையில் முடியாததைக் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்ப வேண்டும். எதை அனுப்புவது, எதை இங்கேயே பார்ப்பது, அனுப்புமுன் என்ன செய்வது என்ற முடிவில்தான் உதவி மருத்துவ அதிகாரியின் திறமை வெளிப்படும். அனுப்பும் கடிதத்தில் நோயாளி சொன்னது, தான் கண்டது, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுபவர் நோயாளிக்காகப் பேசுகிறார்.

மருத்துவம், தாதிமை, மருந்தியல், உதவி மருத்துவம் பயிலும் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் வார்டுகளுக்குச் செல்கிறார்கள். அவர்களுள் பலர் தமிழை வீட்டில் பேசுவதோடு நிறுத்திக் கொள்கின்றனர். தமிழ் மொழிக் கழகங்கள் செய்யக்கூடிய ஒரு பணி உண்டு. நம் தாத்தா பாட்டிமார் தங்கள் உடலைப் பற்றிப் பேசும் சொற்களை, தோட்டவாரியாகக் கேட்டுத் தொகுக்கலாம். மதமதப்பு, கிறுகிறுப்பு, குத்தல், குடைச்சல், இழுப்பு, பொருமல், கரிப்பு என்று அப்பட்டியல் நீளும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியையும் மலாய்ச் சொல்லையும் எழுதினால் அது சட்டைப் பையில் அடங்கும் கையேடாகும். தமிழ் தெரியாத மருத்துவருக்கும் அது பயன்படும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் பத்துச் சொற்கள் கொண்டு வந்தாலும் ஓராண்டில் அந்தக் கையேடு உருவாகிவிடும்.