நாற்றுச் சட்டத்துக்கு நேரறுப்புப் பலகை

திருந்திய நெல் சாகுபடி என்பது 1983-ஆம் வருஷத்தில் மடகாஸ்கர் தீவில் உருவாகிப் பின்னர் நம் நாட்டை அடைந்த முறையாகும். வீராணம் ஏரிப் பாசனத்தில் இம்முறையைக் கைக்கொண்டோர் பாய் நாற்றங்காலின் அனுகூலத்தை அறிவர். ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்காலே போதும். 14 நாள் நாற்றைப் பாயாகவே பெயர்த்துக் கொண்டுபோகலாம். இதற்கு 1 மீட்டர் நீளமும், அரை மீட்டர் அகலமும், 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாய், நான்கு அறைகளாகத் தடுத்த மரச்சட்டம் வேண்டும். அதனை மேடைமேல் வைத்து, மண் கலவை நிரப்பி விதைத்து, பின் தூக்கி அடுத்த இடத்தில் வைத்துக்கொண்டே செல்வர்.

சட்டத்தின் உயரம் எங்கும் ஒன்றாயிருத்தல் அவசியம். ஒரு சம்பாப் பருவத்தில், கண்மதிப்பாக அறுத்த பலகையில் சட்டம் செய்ய யானே இசைந்தேன். ஒரு முனை 4 சென்டிமீட்டர், மறுமுனை 3. மண் மெலிந்த பக்கத்தில் பாய் பிய்ந்து வேர்கள் அறுந்தன. நடவுக்கு வந்த பெண்கள் பாதிநாள் வரப்பில் உட்கார்ந்திருக்க, கூலி மட்டும் நில உடைமையாளர் தலையில் விழுந்தது.

கையால் ஓட்டும் மின்சார வட்ட ரம்பம் கோணாமல் செல்ல, வழிகாட்டிப் பலகையொன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 6 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில் 8 அடி நீளத் துண்டு ஒன்று அடிப்பலகை. 12 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டங்குல அகலத் துண்டு ஒன்று அணைகட்டை. ஆலையில் வெட்டி வந்த நேரான ஓரமே ரம்பத்தின் பக்கம் இருக்க வேண்டும். ரம்பத்தின் அடித்தகட்டு ஓரத்திலிருந்து பல் வரையுள்ள தூரத்தைவிட இரண்டு விரல் அதிகம் விட்டு, அணைகட்டையை அடிப்பலகைமேல் பசையும் திருகாணியும் கொண்டு பொருத்துக. அதன் பின்புறம் கிளாம்பு பிடிக்க நான்கு விரல் இடம் இருக்கட்டும். பசை காய்ந்தபின் அடித்தகட்டை அணைகட்டையோடு ஒட்டி ஒருமுறை ரம்பத்தை ஓட்டினால் மிகுதி அறுந்துவிடும். எஞ்சிய ஓரமே பல் செல்லும் கோடு. இப்பலகை அந்த ரம்பத்துக்கு மட்டுமே பொருந்தும். இரவல் ரம்பம் கொண்டுவந்தால் கோடு மாறிப்போகும்.

இனி, பட்டைகள் யாவும் ஒரே அகலமாக வர வேண்டுமே! ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைப்பவர் கட்டாயம் தவறுவர். ரம்பத்தின் பல் தின்னும் அகலத்தை ஒரு கழிவுத் துண்டில் அறுத்துப் பார்த்து, அதனை 4 சென்டிமீட்டருடன் கூட்டி, அந்த அகலத்தில் இரண்டு அளவுக் கட்டைகள் செய்க. பல் 2½ மில்லிமீட்டர் தின்னுமாயின் கட்டை 4¼ சென்டிமீட்டர். அறுக்க வேண்டிய பிளைவுட்டின் ஓரத்துக்கும் வழிகாட்டிப் பலகையின் ஓரத்துக்கும் இடையே இருமுனையிலும் அவற்றை வைத்துச் சரிபார்த்து, கிளாம்பு முடுக்கி, கட்டைகளை எடுத்துவிட்டு அறுக்கவும்.

நீர் தாங்கும் 12 மில்லிமீட்டர் பிளைவுட், 8 அடிக்கு 4 அடி, ஒன்றில் 24 பட்டைகள் சுலபமாகக் கிடைக்கும். ஒரு பட்டையில் இரண்டு நெடுஞ்சட்டங்கள், மற்றொன்றில் 47.6 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து குறுக்குக் கட்டைகள். ஆகப் பன்னிரண்டு நாற்றுச் சட்டங்கள். பல வீட்டார் கூடி வாங்கினால் ஒருவருக்கும் பாரமில்லை.

பல்லின் ஆழத்தை மாற்றுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும். ஈரத்தரையில் நின்று ரம்பம் ஓட்டலாகாது; தோளில் துண்டும் ஆகாது. வேலை முடிந்தபின் வழிகாட்டிப் பலகையைச் சுவரில் சாய்க்காமல் தட்டையாகப் படுக்கவைக்கவும். சாய்த்தது மழைக்காலத்தில் வளைந்துவிடும்.