கைப்பேசிப் படங்களும் குடும்ப ஆவணங்களும்

தோட்டப்புறக் குடும்பங்களில் முக்கியமான ஆவணங்களைத் தகரப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது நெடுநாளைய வழக்கமாகும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மாதச் சம்பளச் சீட்டு ஆகியவை அப்பெட்டியில் அடங்கும். கரையானும் வெள்ளமும் அழித்தவை போக, தோட்டம் கைமாறி வீடு பெயரும் வேளையில் தொலைந்தவையும் உண்டு.

இன்று இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. மூல ஆவணத்திற்கு அப்படம் ஈடாகாது. ஆயினும் மூலம் தொலைந்துபோனால், பத்திரத்தின் எண்ணையும் பதிவு செய்த நாளையும் குறிப்பிட்டு மறுபிரதிக்கு விண்ணப்பிக்க அது பேருதவி புரியும். ஆனால் எழுத்தை வாசிக்க இயலாத படத்தாலும், தேடும்போது கிடைக்காத படத்தாலும் யாதொரு பயனுமில்லை. இவ்விரு குறைகளும் ஏன் ஏற்படுகின்றன, அவற்றை எவ்வாறு களையலாம் என்பதைக் காண்போம்.

படம் மங்கலாக இருத்தல்

படம் புகை படிந்தாற்போல் தோன்றினால், கைப்பேசி பழுதடைந்துவிட்டதென உடனே எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் படக்கருவியின் கண்ணாடி மீது படிந்த அழுக்கே அதற்குக் காரணமாகும். பால்வெட்டுக்குச் செல்லும் நாம், வியர்வைக் கையுடனும் பால் பட்ட விரலுடனும் கைப்பேசியை எடுக்கிறோம். ரப்பர்ப் பால் உலர்ந்தால் மெல்லிய ஏடாக ஒட்டிக்கொள்ளும். மென்மையான பருத்தித் துணியைச் சிறிது நீரில் நனைத்து, நன்கு பிழிந்து, மெல்லத் துடைத்தால் போதும். பாலை உறையச் செய்யும் அமிலம் பட்ட துணியையோ மண்ணெண்ணெயையோ பயன்படுத்தலாகாது. கத்தி முனையால் சுரண்டுவதும் தவறு.

துடைத்த பின்னும் பனி மூடியது போலிருந்தால், உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். கைப்பேசியை அணைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர விட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பது பலருடைய வழக்கம். அரிசித் தூள் துவாரங்களில் புகுந்து வேறு கேடு விளைவிக்கக் கூடும். கடும் வெயிலில் காய வைப்பதும் நன்றன்று.

எழுத்துகள் தெளிவின்றி இருத்தல்

வெளிச்சம் குறைந்த இடத்தில் படக்கருவி ஒளியை வாங்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அந்நேரத்தில் கை சற்றே அசைந்தாலும் எழுத்துகள் கலங்கிவிடும். ஆகவே, இரவு விளக்கொளியில் எடுப்பதைக் காட்டிலும், பால்வெட்டு முடிந்து வீடு திரும்பிய பின் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் எடுப்பதே சிறப்பு.

ஆவணத்தை மேசைமீது சமமாக விரித்து, நம் நிழல் அதன்மேல் விழாதவாறு நின்று, நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். மிக அருகே கொண்டு சென்றாலும் எழுத்துத் தெளியாது. சற்று உயர்த்திப் பிடித்து, திரையில் எழுத்துள்ள இடத்தை விரலால் தொட்டால் தெளிவு கிட்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை ஒளியைத் திருப்பியடித்து எண்களை மறைத்துவிடும். இயலுமாயின் உறையை நீக்கியும், கைப்பேசியின் மின்வெட்டொளியை நிறுத்தியும் எடுத்தல் நலம். எடுத்தவுடன் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வோர் எண்ணையும் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

அனுப்பும்போது கவனம்

வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம், விரைந்து செல்லும்பொருட்டுச் சுருக்கப்படுகிறது. அதனை அச்சிட்டால் சிறிய எழுத்துகள் சிதைந்து காணப்படலாம். அதே படத்தை 'ஆவணம்' என்னும் வகையில் அனுப்பினால் அதன் தெளிவு குறையாது. அடையாள அட்டையின் படத்தை மட்டும் எந்தக் குழுவிலும் பகிரலாகாது. தீயோர் கையில் அது சிக்கினால் நம் பெயரில் மோசடி செய்ய இடமுண்டு.

படங்கள் காணாமற்போதல்

'இடம் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்ததும், கண்ணில் பட்டதையெல்லாம் நீக்கிவிடுகிறோம். முதலில் நீக்க வேண்டியவை, நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் வேடிக்கைக் காணொளிகளுமே. தவறுதலாக ஆவணப் படம் நீக்கப்பட்டால் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் அது குப்பைத் தொட்டிப் பகுதியில் சில காலம் தங்கியிருக்கும். ஐபோனில் 30 நாள் வரை இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

பழுதுபார்ப்பவர் கைப்பேசியைத் தொடக்க நிலைக்கு மாற்ற வேண்டுமென்றால், படங்களைப் பிரதியெடுக்காமல் சம்மதிக்கக் கூடாது. அம்மாற்றம் கருவியிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும்.

ஈரிடங்களில் சேமிப்போம்

கைப்பேசி நீரில் விழலாம், களவு போகலாம். ஆகவே முக்கியமான படங்கள் மற்றோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். கணினியிலோ, தனியாக எடுத்து வைக்கும் நினைவக அட்டையிலோ பிரதி வைக்கலாம். கூகுள் கணக்கில் 15 கிகாபைட் வரை இலவசமாகச் சேமிக்க இயலும். 2021 ஜூன் முதல் சேர்க்கப்படும் படங்கள், மின்னஞ்சல்களுடன் சேர்த்து இவ்வளவுக்குள் கணக்கிடப்படுகின்றன.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். கைப்பேசி வாங்கிய கடையிலேயே கணக்கைத் திறந்துகொண்டு, கடவுச்சொல் இன்னதென்று அறியாதோர் நம்மிடையே உள்ளனர். கைப்பேசி தொலைந்த நாளில், சேமித்த படங்கள் இருந்தும் அவற்றை அடைய அவர்களுக்கு வழியிராது. படித்த பிள்ளைகளின் துணையுடன் கடவுச்சொல்லை மாற்றி, ஒரு தாளில் எழுதி, அதே தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துவோம்.

வருமுன் காப்பதே அறிவுடைமை. சம்பள நாளன்று சம்பளச் சீட்டைப் படமெடுத்துப் பிரதி வைக்கும் பழக்கத்தை இம்மாதமே தொடங்குவோம். நம் உழைப்பின் சான்றும் நம் பிள்ளைகளின் உரிமைச் சான்றும் நம் கையைவிட்டுப் போகாதிருக்க அது துணை நிற்கும்.