சைக்கிளுக்கு இடம்

புதுமனை எழுப்புவோர் அடுக்களைக்கும் பண்டசாலைக்கும் முதற்கண் இடம் வகுப்பர். சைக்கிளுக்கோ எஞ்சிய மூலையே வாய்க்கும். இஃது அற்பக் குறையன்று. வண்டி மழையில் துருவேறும், நடைவழியை அடைக்கும், கள்வர்க்கும் எளிதாம். ஈற்றில் உடையவர் அதனை ஏறுதலையே விட்டொழிப்பர்.

நெதர்லாந்து தேசத்தார் இதனை அனுபவத்தால் உணர்ந்தனர். புதுவீடுதோறும் வண்டி வைக்கத்தக்க உக்கிராண அறை வேண்டுமென்னும் விதியை 2003-ல் கைவிட்ட அவர்கள், 2012-ல் அதனை மீண்டும் நிலைநாட்டினர். அவ்விதிப்படி அறையின் பரப்புப் பொதுவாக 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறைதலாகாது. ஒரு சைக்கிளின் நீளமும் ஏறத்தாழ 1.8 மீட்டரே. ஆதலின் பரப்பு மட்டும் போதாது. நீண்டொடுங்கிய அறையில் வண்டியைத் திருப்புதல் அரிது.

அந்நாட்டு உட்ரெக்ட் நகரத்தில், இரயில் நிலையத்தருகே 2019-ல் முற்றுப்பெற்ற நிறுத்தகம் 12,500 வண்டிகளைக் கொள்ளும். ஏறியவாறே உள்ளே செல்லலாம். இறங்கித் தூக்க வேண்டுவதில்லை.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கன நான்கு: வாயிலுக்கு அண்மை, படியில்லா வழி, மேற்கூரை, வண்டியின் உடற்சட்டத்தையும் சக்கரத்தையும் ஒருங்கே பூட்டத்தக்க கம்பம்.

கட்டடப் படம் வரையுங்கால் இவற்றிற்கு வேண்டுவன சில கோடுகளே. கட்டி முடித்தபின்னரோ சுவரை இடித்தல் வேண்டும். ஆதலின், நாளை மனை வகுக்கப்போகும் மாணாக்கர் இதனை இன்றே மனத்திற் கொள்வாராக.