கொல்லிமலைத் தமிழும் கணிப்பொறி ஆய்வும்

தமிழிலக்கியம் பயில்வோர்க்குக் கொல்லிமலை புதிதன்று. வல்வில் ஓரி ஆண்டதும், சங்கப் புலவர் பாடிய பாவை நின்றதும் அம்மலையே. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும் அம்மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர்கொண்டு கேரளத்தவர் எனக் கருதிவிடலாகாது. அவர்தம் தாய்மொழி தமிழே. கணிப்பொறிவழி நிகழும் மொழியாய்வில் அம்மலைத் தமிழ் பெறும் இடத்தை ஈண்டு நோக்குவோம்.

2018இல் விஷ்ணுபிரியா கோலிபாகம், அன்னமேரி வெர்கெர்க் முதலானோர் திராவிட மொழிகள் 20இனை இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டனர். அடிப்படைப் பொருள்கள் 100க்குரிய சொற்களை ஒவ்வொரு மொழியிலும் திரட்டினர். நாம் 'நாய்' என்பதைக் கன்னடர் 'நாயி' என்பர். தெலுங்கரோ 'குக்க' என்பர். முன்னிரண்டும் ஒருவேரின, மூன்றாவது வேறு. வேர் ஒன்றாயின் 1, அன்றாயின் 0 என அட்டவணை வகுப்பர். கணிப்பொறி அதற்கேற்பப் பல்லாயிரம் கிளைமரங்களை வரைந்து, நிகழ்தகவு மிக்கனவற்றைத் தேர்கிறது. திராவிடக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என அவர்கள் கண்டனர். கடன்சொல்லை விலக்குவது மொழியறிஞர் பொறுப்பு. 'வசூல்', 'பாக்கி' ஆகிய அரபுவழிச் சொற்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வழங்குகின்றன. அவற்றை உறவுக்குச் சான்றாக்கினால் மரமே கோணிவிடும்!

நீலகிரியின் தோடா, கோத்தா, படகம் ஆகியன அந்த 20இல் தனித்தனியே இடம்பெற்றன. தமிழுக்கோ ஓரிடமே. இதனைக் குறையென்று கூறோம். கிளைமொழி வேறுபாட்டைக் காட்ட அச்சொற்பட்டியல் போதாது. கண், கை, நீர் என்பன எளிதில் மாறுவன அல்ல. கொல்லிமலையின் தனித்தன்மை வேளாண் சொற்களில் துலங்குகிறது. சாமை ஒன்றிற்கே மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை எனப் பல வகைப்பெயர்கள் உள. சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவப் பரவப் பயிரோடு பெயரும் அருகலாயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அவ்விதைகளைப் பேண முயன்று வந்துள்ளது. சொற்களுக்கும் அத்தகு முயற்சி வேண்டாவா?

இதற்கேற்ற கணக்குமுறையும் உண்டு. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை ஒலிகளை மாற்றவோ, சேர்க்கவோ, நீக்கவோ வேண்டும் என எண்ணுவது அது. 'பழம்' 'பளம்' ஆக ஒரு மாற்றம் போதும். இவ்வாறு நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டு, ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள மொழித்தொலைவை எண்ணால் அளக்கலாம். உருசிய அறிஞர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த இவ்வளவையை, 1995இல் பிரெட் கெஸ்லர் அயர்லாந்தின் கிளைமொழிகளுக்குப் பொருத்தினார். 1958 முதல் வாக்னர் வெளியிட்ட கிளைமொழி நிலப்படத் தொகுதி அவருக்குக் கைகொடுத்தது. கொல்லிமலைக்கு அத்தகைய தொகுதி வேண்டுமாயின், சாமை விதைத்து வளர்த்த முதியோரிடம் ஊர்தோறும் கேட்டு, ஒலிப்பதிவு செய்தே எழுதுதல் வேண்டும். மரவள்ளி மட்டுமே நட்டுப் பழகிய இளையோர் அப்பெயர்களை எங்ஙனம் அறிவர்?