எழுத்தாணியும் யந்திர உளியும்

எழுத்து நிலைபெறுதற்குக் கருவி வேண்டும். ஓலைக்கு எழுத்தாணியும், கல்லுக்கு உளியும், காகிதத்திற்கு ஈய அச்சும் நம் முன்னோர்க்கு உதவின. கருவி எழுத்துக்கு ஊழியஞ் செய்வதென்றே யாவரும் எண்ணுவர். ஆயினும் ஊழியனே தன் எஜமானனது உருவத்தை மாற்றிவிடுவதும் சிற்சில வேளைகளில் உண்டு. இவ்வுண்மையை யாம் இலக்கண வகுப்பிற் கேட்டிருந்தோம். கோடை விடுமுறையின் கடைசி நாட்களில், ஜூன் மாதத்துச் சாரல் தொடங்கிய பின், நண்பர் மூவராய்த் தென்காசியில் எம்முள் ஒருவனது வீட்டு மாடியறையிலே சிறிய சி.என்.சி. யந்திரமொன்றைப் பூட்டி, மரப்பலகையில் ஐந்தெழுத்து வெட்டப் புகுந்தபொழுதே அதனை மெய்யாக உணர்ந்தோம். அவ்வனுபவத்தாற் கற்றவற்றை ஈண்டு முறைப்படக் கூறுவாம்.

யந்திரத்தின் இயல்பு

சி.என்.சி. என்பது, கணினி தரும் எண்களுக்குக் கட்டுப்பட்டு இயங்குவது என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாம். வெட்டுமுனை எவ்விடஞ் செல்லவேண்டும், எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும், எத்துணை விரைவில் நகரவேண்டும் என்பவற்றை எண்களாக எழுதிக் கொடுப்பின், அவ்வண்ணமே இது செய்து முடிக்கும். அமெரிக்க நாட்டு ஜான் பார்சன்ஸ் என்பாரது கருத்தைத் தொடர்ந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில் இத்தகைய யந்திரமொன்றை யாவருங் காண இயக்கிக் காட்டினர். அஃது துளையிட்ட நாடாவிலிருந்து தன் கட்டளைகளைப் பெற்றது. அன்று பெருந்தொழிற்சாலைக்கே உரியதாயிருந்த அவ்வித்தை இன்று மேசையின்மேல் அடங்குகின்றது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்து, யாவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்கதாயிருக்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் ஆணைநிரல் இதற்குப் பெருந்துணை செய்தது.

யாம் வாங்கியது 3018 என வழங்கும் வகையினது. வெட்டும் பரப்பு நீளத்தில் 300 மில்லிமீட்டரும் அகலத்தில் 180 மில்லிமீட்டரும் ஆதலின் இப்பெயர் பெற்றது. இதற்கு மூன்று இயக்கங்கள் உள: மேடை முன்னும் பின்னும் செல்லும், முனையைத் தாங்கும் வண்டி இடமும் வலமும் செல்லும், முனை மேலுங் கீழும் செல்லும். ஒவ்வொன்றிற்கும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் ஒரு திருகுத் தண்டும் உண்டு. முனையைச் சுழற்றும் மோட்டார் வேறு.

பூட்டும் முறை

பாகங்கள் பெட்டியில் தனித்தனியே வருவன. அவற்றைத் திருகாணிகளாற் பூட்டுதல் எளிதே. சதுரமாகப் பூட்டுதல்தான் அரிது. யாம் முதல் நாளில் ஒவ்வொரு திருகாணியையும் உடனுக்குடன் இறுக்கிக்கொண்டே சென்று, முடிவிற் சட்டம் கோணியிருக்கக் கண்டு, அனைத்தையுங் கழற்றினோம். சரியான முறையாவது: சமமான கடப்பைக் கல்லின்மேல் சட்டத்தை வைத்து, எல்லாத் திருகாணிகளையும் பாதியளவே திருகி, மூலைமட்டங் கொண்டு மூலைகளைச் சோதித்து, எதிர்மூலைக்கு எதிர்மூலை இரண்டு குறுக்களவுகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பின்னரே முழுதும் இறுக்குதல். மின்சாரம் கொடுக்குமுன் திருகுத் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். மேடை ஒரு கோடியில் இலகுவாகவும் மறுகோடியில் இறுகியும் சென்றால், தண்டும் வழிகாட்டுங் கம்பிகளும் இணையாக இல்லையென அறிக.

மோட்டார்களின் கம்பிகளை மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இணைக்கவும் பிரிக்கவும் வேண்டும். இன்றேல் கட்டுப்பாட்டுப் பலகை கெடும். மேலும், கண்ணாடி அணியாமல் யந்திரத்தின் அருகே நிற்றலாகாது. வேட்டித் தலைப்பும் தளர்ந்த கையுடையும் சுழலும் முனைக்கு எட்டலாகாது. மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வதாதலின் முகக்கவசமும், தூளை உறிஞ்சுங் கருவியும் வேண்டும். எக்காரணம் பற்றியும் ஓடும் யந்திரத்தைத் தனியே விட்டுச் செல்லலாகாது. நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

அளவை

இவ்வகை மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுழலும். கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பகுக்கும். எம் யந்திரத்தின் திருகுத் தண்டு ஒரு சுற்றில் 4 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆகவே 200-ஐ 16-ஆற் பெருக்கி 4-ஆல் வகுக்க, ஒரு மில்லிமீட்டருக்கு 800 நுண்படிகள் ஆகும். இவ்வெண்ணை ஆணைநிரலில் பதித்து, 100 மில்லிமீட்டர் செல்லுமாறு கட்டளையிட்டு, வெர்னியர் அளவியால் அளந்து ஒப்பிட வேண்டும்.

கட்டளைகளும் சிலவே. ஜி 0 என்பது வெட்டாமல் விரைந்து செல்க என்பது. ஜி 1 என்பது குறித்த விரைவில் நேர்கோட்டிற் செல்க என்பது. எம் 3 என்பது முனையைச் சுழற்றுக என்பது. எழுத்துருவைக் கணினியில் வரைந்துவிட்டால், அதனை இக்கட்டளைகளாக மாற்றும் நிரல்கள் உள்ளன. மனிதன் தானே செய்யவேண்டுவது, பலகையின்மேல் எவ்விடம் சுழியம் என்று காட்டுதலே. முனைக்கும் பலகைக்கும் இடையே ஒரு காகிதத்தை வைத்து, அஃது இலேசாகப் பிடிபடும்வரை முனையை இறக்கிச் சுழியம் குறிப்பது வழக்கம். இச்சிறு செயலிலேதான் எம் பிழை பிறந்தது.

நேர்ந்த பிழை

குற்றாலத்தில் எம் சபையார் சிறுவர்க்காக நடத்தும் வாசகசாலைக்குப் பெயர்ப்பலகை செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். முதலடியில் ‘குற்றாலம்’ என்னும் ஐந்தெழுத்தும் வரவேண்டும். கூர்நுனியும் 60 பாகைக் கோணமும் உடைய முனையைத் தெரிந்துகொண்டோம். இம்முனை ஆழ இறங்குந்தோறும் கோடு அகலும். 1 மில்லிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1.15 மில்லிமீட்டர் அகலும். எழுத்துக்களின் கோட்டினை 3 மில்லிமீட்டர் அகலமாக அமைத்தோம். புள்ளி சிறிதாயிருத்தலே அழகென்று கருதி, அதனை மட்டும் 1 மில்லிமீட்டர் அளவில் வரைந்தோம். எனவே எழுத்திற்கு முனை 2.6 மில்லிமீட்டர் இறங்க, புள்ளிக்கு 0.9 மில்லிமீட்டரே இறங்கும்.

நன்கு உலராத மாமரப் பலகை இரண்டு இரவுகள் சன்னலோரங் கிடந்தது. சாரற்காற்றின் ஈரத்தை உண்டு அது முறுகியதை யாம் கவனித்தோமில்லை. இடக்கோடியில் மட்டும் காகிதம் வைத்துச் சுழியம் குறித்தோம். வலக்கோடியோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. யந்திரம் தன் கணக்கிற் பிழையாது ஓடிற்று. ‘ம’ சற்று மெலிந்து வந்தது. அதன் புள்ளிக்காக இறங்கிய முனை மரத்தைத் தொடாமலே வெறுங்காற்றைக் குத்தி மேலெழுந்தது. நடுவிலிருந்த ‘ற்’ என்பதன் புள்ளி அரைகுறையாய் விழுந்தது.

மெலிவை யாம் மூவரும் கண்டோம். புள்ளி இல்லாமையை எவருங் கண்டிலோம்! பலகையைத் துடைத்து வாசகசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த பெரியோர் பலரும் அதனைக் ‘குற்றாலம்’ என்றே வாசித்து மகிழ்ந்தனர். முதல் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி மட்டும் ஒவ்வோர் எழுத்தாக விரல்வைத்துக் கூட்டிப் படித்து, “அண்ணா, கடைசியில் ‘ம’ என்றுதானே இருக்கிறது?” என்றாள். யாம் நாணித் தலைகுனிந்தோம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்குத் தெரியாதது அக்குழந்தைக்குத் தெரிந்தது. கற்றவன் தான் அறிந்ததை வாசிக்கின்றான். கற்கின்றவன் எழுதியிருப்பதை வாசிக்கின்றான்.

புள்ளியின் வரலாறு

கருவியினாற் புள்ளி மறைந்தது இதுவே முதன்முறையன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தார். ஆயினும் ஓலையிற் குத்தினால் ஓலை பொத்துவிடுமாதலின், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் அவ்வாறே எழுத்தில் மறைந்தது. படிப்போர் தம் அறிவால் நிரப்பிக்கொண்டனர்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால் கொல்லம் நகர் வரும். அங்கேதான் 1578-ஆம் ஆண்டில், அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைத்த என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்சிற் பதிக்கப்பெற்றது. 16 பக்கங்களையுடைய சிறு நூல். ஈயத்திற் புள்ளி வார்ப்பதற்கு ஓலையின் இடர் ஏதும் இல்லை. எனினும் ஏட்டு வழக்கைப் பின்பற்றி அதுவும் புள்ளியின்றியே வெளிவந்தது. கருவி மாறியும் பழைய கருவியின் குறை எழுத்தை விட்டு நீங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுருவம் வகுத்தார். அவர் பிறநாட்டினின்று வந்து, மாணவராயிருந்து தமிழ் கற்றவர். அச்சிறுமியைப் போலவே எழுத்தின்மேல் விரல்வைத்துப் படித்தவராதலின் அக்குறை அவர் கண்ணிற்பட்டது போலும் என்று எண்ண இடமுண்டு.

‘றா’ என்னும் எழுத்தின் கதையும் இத்தகையதே. முன்னாளில் அது கால் தனியே நில்லாது வளைந்து ஒட்டிய ஓருருவாய் இருந்தது. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பெரியாரது எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பிறவற்றைப் போலவே அதற்கும் தனிக்கால் வழங்கியது. அச்சுக்கோத்தலும் தட்டெழுத்தும் எளிதாதல் அம்மாற்றத்தின் பயன்களுள் ஒன்று. எம் யந்திரத்திற்கோ பழைய உருவமும் புதியதும் ஒன்றே. வரைந்து கொடுத்ததை வெட்டும். ஆகவே எழுத்தின் உருவத்தைக் காக்கும் பொறுப்பு இனிக் கருவியினிடத்தன்று. வரைகின்ற நம்மிடத்தே உளது.

திருத்திய வகை

தவறிய பலகையை எம் தெருவில் வாழும் முதிய தச்சர் ஒருவரிடம் கொண்டுசென்று நடந்ததைக் கூறினோம். அவர் பலகையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி ஒரு நொடி நோக்கி, “தம்பிமாரே, யந்திரத்துக்குக் கண் இல்லை, உங்களுக்குமா இல்லை?” என்றார். பின் அதனைத் தம் வீட்டினுள் சில நாட்கள் காற்றாட நிறுத்தி வைத்து, இழைப்புளியால் மேற்பரப்பைச் சமமாக இழைத்து, பழைய எழுத்துக்கள் முழுதும் நீங்கச் செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

யாம் யந்திரத்தின் மேடைமீது ஒரு மட்டப்பலகையைப் பொருத்தி, அதனை யந்திரத்தின் முனையாலேயே சீவிச் சமஞ்செய்தோம். வேலைப்பலகையை நான்கு மூலைகளிலும் பிடிப்பித்து, நான்கிலும் நடுவிலும் காகிதம் வைத்துச் சோதித்தோம். புள்ளியை எழுத்தின் கோட்டிற்கு ஒப்ப 3 மில்லிமீட்டராக்கினோம். நிமிஷத்திற்கு 400 மில்லிமீட்டர் விரைவில், சிறிது சிறிதாக ஆழ்த்தி வெட்டினோம். இம்முறை இரண்டு புள்ளிகளும் விழும்வரை மூவரும் கண்ணிமையாது நின்றோம். அப்பலகை இன்று வாசகசாலையின் வாயிலில் உளது. அதனை முதலில் வாசிக்குமாறு அச்சிறுமியையே அழைத்தோம்.

முடிவுரை

தென்காசிக் கோயிலைக் கட்டுவித்த பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லிற் பொறித்த பாடல்களில், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்து அதனைத் திருத்துவோர் எவரோ அவரை அடிபணிவதாகக் கூறுகின்றான். மலைபோன்ற கட்டடத்தை எழுப்பிய மன்னனே தன் வேலை குறைவுபடும் என்று முன்னுணர்ந்து, திருத்துவோனுக்குத் தலைவணங்கினான். ஒரு புள்ளியைத் தவறவிட்ட யாம் ஒரு குழந்தைக்கும் ஒரு தச்சருக்கும் தலைவணங்குதல் பெரிதன்று.

திருமறையிலே, மரத்திற் சித்திரவேலை செய்தற்கும் கல்லை வெட்டுதற்கும் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாகப் பெசலெயேல் என்பவன் பேசப்படுகின்றான். அவனுக்கு அருளப்பட்டது கருவியன்று. ஞானமும் புத்தியும் அறிவுமாம். பிறர்க்குப் போதிக்கும் மனமும் அவனுக்கு அளிக்கப்பட்டது. இன்று யந்திரம் நம் மாணவரது மேசைமீது வந்துவிட்டது. அதனைப் பூட்டக் கற்பீராக; அளக்கக் கற்பீராக; வெட்டு முடிந்தபின், அறிந்ததை வாசியாமல் எழுதியிருப்பதை வாசிக்கவும் கற்பீராக. நம் தமிழெழுத்தின் ஒரு புள்ளியும் நம் கையில் இழந்துபோகாதிருக்க இதுவே வழி.